பழைய நினைவின் பழுது

மறதியை நாம் பெருங்குறையாகக் கருதுகிறோம். ஐம்பது வயதைக் கடந்தவர்கள் மூக்குக் கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று தேடும்போதெல்லாம் தம்மையே நொந்துகொள்கிறார்கள். ஆனால் மறதியைவிடக் கேடு விளைவிப்பது ஒன்று உண்டு. அது, ஒன்றைத் தவறாக நினைவில் வைத்திருப்பது. மறந்தவர் பிறரைக் கேட்டுத் தெரிந்துகொள்வார். தவறாக நினைவில் வைத்திருப்பவரோ எவரையும் கேட்பதில்லை; தாம் அறிந்ததே உண்மை என்று தீர்ப்பும் எழுதிவிடுகிறார். இப்பாடத்தை நமக்குக் கற்பித்த ஆசிரியர் நம் பங்கு அலுவலகத்துக் கணிப்பொறி என்றால் வாசகர்கள் நகைக்கக்கூடும். நடந்ததைக் கூறிவிடுகிறோம், பிறகு நகைக்கலாம்.

பங்குகளில் பதிவேடு பேணும் கடமை மிகப் பழையது. 1563ஆம் ஆண்டில் திரெந்து பொதுச்சங்கம், திருமணங்களையும் திருமுழுக்கின் ஞானப்பெற்றோர் பெயர்களையும் பங்குத்தந்தை ஏட்டில் எழுதிவைக்க வேண்டும் என்று விதித்தது. 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பும் தன் 535ஆம் சட்டத்தில் அதே கடமையை உறுதி செய்கிறது. திருமுழுக்குப் பதிவேட்டில் ஒரு பெயர் ஏறிவிட்டால், அந்த மனிதரின் உறுதிபூசுதலும் திருமணமும் குருத்துவ அருட்பொழிவும் அந்தப் பெயருக்கு அருகிலேயே குறிக்கப்படுகின்றன. ஆகவே அந்த ஏடு பங்கின் நினைவு என்று கூறலாம்.

நம் பங்கின் பழைய ஏடுகள் லத்தீனில் எழுதப்பட்டவை. தாள்கள் பழுத்துப்போய், தொட்டால் ஓரம் உதிரும் நிலையில் இருந்தன. ராமபாணப் பூச்சி சில பக்கங்களில் தன் பங்கை ஏற்கெனவே எடுத்துக்கொண்டுவிட்டது. எஞ்சியவற்றையேனும் காப்பாற்ற வேண்டும் என்று பங்குப் பேரவையில் பேசி, 2023ஆம் ஆண்டு உயிர்ப்புப் பெருவிழாவுக்குப் பின் வேலையைத் தொடங்கினோம். ஒவ்வொரு பக்கத்தையும் ஸ்கேனரில் படமெடுப்பது, பின்னர் பெயர்களையும் தேதிகளையும் தட்டச்சு செய்வது என்பது ஏற்பாடு. பட்டப்படிப்பை முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருந்த ஒரு பெண், சிறு தொகையைப் பெற்றுக்கொண்டு இப்பணியைச் செய்ய முன்வந்தாள். லத்தீன் மாதப் பெயர்களை ஓர் அட்டையில் எழுதித் தன்முன் சாய்த்து வைத்துக்கொண்டு, காலைத் திருப்பலி முடிந்ததும் வந்து அமர்ந்துவிடுவாள்.

அலுவலகக் கணிப்பொறி 2018ஆம் ஆண்டில் வாங்கியது. அதன் நினைவகம் 4 ஜிபி. திருமண ஓலை அச்சடிக்கவும் ஞாயிறு அறிவிப்புகளைத் தட்டச்சு செய்யவும் அது போதுமானதாக இருந்தது. பெரிய படங்களைத் திறந்தபோதோ மூச்சுத் திணறியது. "சாமி, இன்னொரு ரேம் போட்டால் வேகமாகும்" என்று இளைஞர்கள் கூறினார்கள். நகரத்துக் கடை ஒன்றிலிருந்து ஒருவர் வந்து, மற்றொரு 4 ஜிபி ரேமைப் பொருத்திவிட்டுப் பத்து நிமிடத்தில் சென்றுவிட்டார். ஒரு வாரம் கணிப்பொறி துள்ளிக்கொண்டு ஓடியது.

இரண்டாம் வாரத்தில் தொல்லை ஆரம்பமாயிற்று. வேலையின் நடுவே திரை நீலமாக மாறும். புரியாத சில சொற்கள் தோன்றும். பின்பு கணிப்பொறி தானே அணைந்து மீண்டும் எழும். சில வேளைகளில் சுட்டெலிகூட நகராமல் அப்படியே உறைந்து நின்றுவிடும். ஒரு காலைப் பொழுதில் மூன்று முறை இவ்வாறு நடந்தது. பின்பு இரண்டு நாள்கள் ஒன்றும் நடக்கவில்லை. இடையிடையே வந்து மறையும் நோய்தான் மருத்துவரை மிகவும் சோதிக்கிறது என்பார்கள். அது உண்மையே.

நாம் செய்த மருத்துவத்தைச் சொன்னால் வெட்கமாக இருக்கிறது. மின்சாரம் சரியில்லை என்று யூபிஎஸ்ஸை மாற்றினோம். வைரஸ் என்று ஒருவர் கூறியதால் அதற்கான மென்பொருளைப் போட்டோம். விண்டோஸை அழித்து மறுபடியும் நிறுவச் செய்தோம். ஸ்கேனரின் கம்பியையும் மாற்றினோம். இவை அனைத்தும் ஒரே நாளில்! மறுநாள் கணிப்பொறி ஒழுங்காக ஓடியது. எந்த மருந்தால் குணமாயிற்று என்று எவருக்கும் தெரியவில்லை. அடுத்த நாள் மீண்டும் நீலத்திரை வந்தது. எந்த மருந்து பயனற்றது என்பதும் தெரியவில்லை.

இந்த நிலையில்தான் அந்தப் பாட்டியின் சான்றிதழ் வந்து சேர்ந்தது. தொண்ணூறு வயதைத் தாண்டிய மூதாட்டி ஒருவரின் ஞானஸ்நானச் சான்றிதழை அவருடைய பேரன் கேட்டிருந்தார். கணிப்பொறியிலிருந்த பட்டியலைப் பார்த்து எழுதி, கையொப்பமிட்டு, முத்திரையும் குத்திக் கொடுத்தோம். நான்கு நாள்களில் அவர் திரும்பி வந்தார். "சாமி, எங்க பாட்டி 1939இல் பிறந்ததாகப் போட்டிருக்கிறது. பாட்டியுடைய தம்பியே 1935இல் பிறந்தவர்" என்றார். பதிவேட்டைத் திறந்து பார்த்தோம். அதில் 1931 என்று தெளிவாகவே எழுதியிருந்தது.

அன்று பேரவை உறுப்பினர் இருவர் அலுவலகத்தில் அமர்ந்திருந்தார்கள். அதற்கு முந்தைய வாரம்தான் ஏறக்குறைய 200 பெயர்கள் அடங்கிய கோப்பு ஒன்று திறக்க முடியாதபடி கெட்டுப்போயிருந்தது. அந்த எரிச்சல் நம் உள்ளத்தில் ஏற்கெனவே புகைந்துகொண்டிருந்தது. "என்னம்மா இது? கண்ணால் பார்த்துத்தான் அடிக்கிறாயா? நாள் முழுவதும் செல்போனில் கவனம் இருந்தால் வேலை இப்படித்தான் இருக்கும்" என்றோம். அவள் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்ததை நாம் ஒருமுறைகூடக் கண்டதில்லை. அவள் எழுந்து நின்று, "பார்த்துத்தான் அடிச்சேன் சாமி" என்று மட்டும் கூறினாள். மறுநாள் வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. ஞாயிறு திருப்பலியில் அவளுடைய தாய் வழக்கமான இடத்தில் அமர்ந்திருந்தார். அருகில் மகள் இல்லை.

அதன்பின் கணிப்பொறி பழுதுபார்க்கும் வேறொரு தம்பியை அழைத்தோம். அவர் பெட்டியைத் திறக்கும் முன்பே ஒரு கேள்வி கேட்டார்: "ஃபாதர், கடைசியாக எதை மாற்றின பிறகு இது ஆரம்பித்தது?" புதிய ரேமைப் பொருத்திய பிறகு என்றோம். "அப்படியானால் புதியதுதான் பழுது, அதைக் கழற்றி எறிந்துவிடலாமே" என்றும் ஆலோசனை வழங்கினோம். அவர் சிரித்தார். "புதியதுதான் கெட்டதென்று யார் சொன்னது, ஃபாதர்?"

அவர் செய்த முறையைச் சற்று விரிவாகவே கூறுகிறோம். இல்லங்களில் கணிப்பொறி வைத்திருப்போருக்குப் பயன்படும். முதலில் மின் இணைப்பைப் பிடுங்கினார். பிறகு எஞ்சிய மின்னூட்டம் வடியும்படி பவர் பொத்தானைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்தார். உடலில் தேங்கிய மின்னூட்டம் நினைவகத்தைக் கெடுக்காதிருக்கப் பெட்டியின் உலோகப் பகுதியைத் தொட்டுக்கொண்டார். இரண்டு ரேம்களையும் கழற்றி, அவற்றின் பொன்னிற விளிம்புகளைப் பள்ளிப் பிள்ளைகளின் அழிரப்பரால் மெதுவாகத் தேய்த்துத் துடைத்தார். இரு பக்கக் கொக்கிகளும் 'டக்'கென்று பூட்டிக்கொள்ளும்வரை அழுத்திப் பொருத்தினார். இரண்டும் ஒரே வேகத்தில் ஓடுகின்றனவா என்றும் சரிபார்த்தார். சரியாகப் பதியாத ரேமும், தூசியும், வேக வேறுபாடுமே பெரும்பாலும் இத்தகைய தொல்லைகளுக்குக் காரணம் என்றார். நமக்கு அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. மறுநாளே நீலத்திரை மீண்டும் வந்தது.

அடுத்து ஒரு பென்டிரைவைக் கொண்டுவந்தார். அதில் மெம்டெஸ்ட்86 என்னும் சோதனை நிரல் இருந்தது. கிறிஸ் பிராடி என்பவர் 1994ஆம் ஆண்டில் உருவாக்கிய நிரல் அது. விண்டோஸ் எழுவதற்கு முன்பே ஓடி, நினைவகத்தின் ஒவ்வோர் இடத்திலும் ஒன்றை எழுதி, மீண்டும் படித்து, எழுதியதே திரும்பி வருகிறதா என்று பார்க்கும். "ஒவ்வொன்றாகத்தான் பார்க்கணும், ஃபாதர். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றணும்" என்றார். முதல் நாள் இரவு, புதிய ரேம் மட்டும் முதல் சிலாட்டில். விடியும்வரை ஓடியும் ஒரு பிழையும் இல்லை. மறுநாள் அதே சிலாட்டில் பழைய ரேம் மட்டும். ஒரு மணி நேரத்திற்குள் திரையில் சிவப்பு வரிகள் தோன்றின. சிலாட் பழுதாக இருக்கலாமோ என்று பழையதை இரண்டாம் சிலாட்டில் போட்டார், அங்கும் சிவப்பு. புதியதை அங்கே போட்டார், பிழையில்லை. நான்கு சோதனைகளில் உண்மை வெளிவந்தது. புதியது குற்றமற்றது. இரண்டு சிலாட்டுகளும் குற்றமற்றவை. ஆண்டுக்கணக்கில் உள்ளே அமர்ந்து, எவருடைய ஐயத்துக்கும் ஆளாகாமல் இருந்த பழைய ரேமே பழுது.

"அப்படியென்றால் இத்தனை நாள் எப்படி ஓடியது?" என்று கேட்டோம். அவர் விளக்கினார். இவ்வகை நினைவகத்தில் ஒவ்வொரு சிற்றறையிலும் மிகச் சிறிய மின்னூட்டம் ஒன்று இருக்கிறது. அது இருந்தால் ஒன்று, இல்லையென்றால் சுழி. ஐபிஎம் நிறுவனத்தின் இராபர்ட் டெனார்டு இந்த அமைப்பைக் கண்டறிந்து, 1968ஆம் ஆண்டில் அதற்குக் காப்புரிமை பெற்றார். அந்த மின்னூட்டம் ஒழுகும் இயல்புடையது. ஆதலால் ஏறத்தாழ 64 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை, அதாவது நொடிக்கு 15 முறைக்கு மேல், மீண்டும் நிரப்பப்படுகிறது. 4 ஜிபி ரேமில் இத்தகைய அறைகள் 3,435 கோடிக்கும் மேல் உள்ளன. அவற்றில் சில பலவீனமடைந்தாலும், அங்கே முக்கியமற்ற ஏதேனும் தங்கியிருக்கும்வரை ஒன்றும் தெரியாது. இரண்டாவது ரேம் வந்து சேர்ந்ததும், கணிப்பொறி இரண்டுக்குமாக இடங்களைப் பகிர்ந்து வரிசையை மாற்றி அமைக்கிறது. முன்பு மூலையில் கிடந்த பழுது, இப்போது நடுக்கூடத்துக்கு வந்துவிடுகிறது. முன்பும் மாதத்துக்கு ஒருமுறை கணிப்பொறி நின்றதுண்டு என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. மின்வெட்டு என்று கூறி விட்டுவிட்டிருந்தோம்.

பின்பு அவர் ஒரு தாளில் இரண்டு எண்களை எழுதிக் காட்டினார். கணிப்பொறி, எழுத்தாகத் தட்டச்சு செய்யப்பட்ட 1 என்னும் இலக்கத்தை 00110001 என்று குறித்துக்கொள்கிறது. 9 என்பதை 00111001 என்று குறித்துக்கொள்கிறது. இரண்டுக்கும் இடையே ஒரே ஒரு புள்ளிதான் வேறுபாடு. ஒரு சிற்றறை தன் நினைவில் தவறினால் 1931 என்பது 1939 ஆகிவிடலாம்.

நமக்குள் ஏதோ இறங்கியது. எழுந்து சென்று அப்பெண்ணின் மேசை இழுப்பறையைத் திறந்தோம். அத்தனை நாள்களில் அதுவே முதல் முறை. உள்ளே நூலால் கட்டிய காகிதக் கட்டு ஒன்று இருந்தது. ஒவ்வொரு பக்கத்தையும் தட்டச்சு செய்து முடித்ததும் அச்செடுத்து, பதிவேட்டோடு ஒப்பிட்டு, ஒவ்வொரு வரியின் அருகிலும் பென்சிலால் சிறு குறியிட்டு, அடியில் மொத்தப் பெயர்களை எண்ணி எழுதிவைத்திருந்தாள். பாட்டியின் பெயர் இருந்த தாளைத் தேடி எடுத்தோம். 1931. அருகில் பென்சில் குறி. அந்தப் பக்கங்களையெல்லாம் பின்னர் ஒரே கோப்பாகச் சேர்த்துச் சேமித்தவர் யார்? நாமே. பழுதுற்ற அந்தக் கணிப்பொறியில், ஓர் ஞாயிறு மாலையில், அவள் இல்லாத நேரத்தில்.

எபிரேய மறைநூலைப் படியெடுத்துப் பாதுகாத்த மசோரேத்தியர் என்னும் அறிஞர்களைப் பற்றி குருமடத்தில் படித்திருக்கிறோம். திபேரியா நகரில் அவர்கள் சிறந்து விளங்கினார்கள். ஒரு நூலைப் படியெடுத்தபின் அதன் வசனங்களை எண்ணி இறுதியில் குறித்துவைப்பார்கள். சொற்களின் வழக்கத்தை ஓரங்களில் எழுதிவைப்பார்கள். எண்ணிக்கை மாறினால் எங்கோ தவறு நேர்ந்துவிட்டது என்று பின்வருபவர் அறிந்துகொள்ளலாம். 1950ஆம் ஆண்டில் பெல் ஆய்வுக்கூடத்தின் ரிச்சர்டு ஹாமிங் வெளியிட்ட முறை, இலக்கங்களோடு கூடுதலாகச் சில சரிபார்ப்பு இலக்கங்களையும் சேர்த்து, நேர்ந்த பிழையைக் கணிப்பொறியே கண்டு திருத்தும்படி செய்தது. பெரிய சர்வர்களின் நினைவகத்தில் அத்தகைய காவல் உண்டு. நம் அலுவலகத்தில் உள்ளதைப் போன்ற எளிய கணிப்பொறிகளில் பெரும்பாலும் இல்லை. ஆனால் நம் அலுவலகத்தில் ஒரு காவல் இருந்திருக்கிறது. அதை நாமே எல்லார் முன்னிலையிலும் கடிந்து வீட்டுக்கு அனுப்பியிருந்தோம்.

அன்றிரவு திருப்புகழ்மாலை செபத்தை முடித்தும் உறக்கம் வரவில்லை. புனித இஞ்ஞாசியாரின் ஆன்மீகப் பயிற்சிகள் நூலுக்கு 1548ஆம் ஆண்டில் திருத்தந்தை மூன்றாம் பவுல் ஒப்புதல் அளித்தார். அந்நூலின் தொடக்கத்திலேயே ஓர் அறிவுரை உண்டு: அயலார் கூறுவதைக் கண்டிக்க விரைவதைவிட, அதற்கு நல்ல பொருள் காண விரைய வேண்டும், புரியவில்லையெனில் எப்பொருளில் கூறினார் என்று அவரையே கேட்க வேண்டும். 1992ஆம் ஆண்டில் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல், எட்டாம் கட்டளையை விளக்குமிடத்தில் இதையே எடுத்துக்காட்டுகிறது. போதிய ஆதாரமின்றி அயலாரிடம் குற்றம் உண்டென்று உள்ளத்தில் ஏற்றுக்கொள்வதை முற்சார்புத் தீர்ப்பு என்னும் பாவமாகவும் அது வகைப்படுத்துகிறது. இவற்றையெல்லாம் தவக்கால மறையுரைகளில் எத்தனையோ முறை நாம் விளக்கியிருக்கிறோம்.

அதே இஞ்ஞாசியார் மனச்சான்று ஆய்வில் இரு வகைகளைக் கற்பிக்கிறார். ஒன்று பொது ஆய்வு. மற்றது தனி ஆய்வு: அதில் ஒரு குறையை மட்டும் எடுத்துக்கொண்டு, அதைக் காலையும் நண்பகலும் மாலையும் கவனித்து, தவறிய முறைகளைக் கோட்டில் புள்ளியிட்டுக் குறிக்க வேண்டும். குருமடத்தில் பயின்ற நாள்களில் அது சிறுபிள்ளைக் கணக்காகத் தோன்றியது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும் என்று அந்தத் தம்பி கூறியபோதுதான் அதன் அறிவுடைமை விளங்கிற்று. எல்லாக் குறைகளையும் ஒரே நாளில் திருத்தப் புறப்படுகிறவர், எது எங்கிருந்து வருகிறது என்பதை ஒருபோதும் அறிவதில்லை.

ஆகவே அன்றிரவு ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டோம். அப்பெண்ணை ஏன் அவ்வளவு எளிதில் ஐயுற்றோம்? அவள் நமக்கு எந்தக் காரணமும் தரவில்லை. தேடியபோது, கிடைத்தது 2004ஆம் ஆண்டின் ஒரு நினைவு. அப்போது வேறொரு பங்கில் இருந்தோம். திருவிழாக் கணக்கை நம்பி ஒப்படைத்திருந்த இளைஞன் ஒருவன் பணத்தைக் கையாடிவிட்டான். மன்னித்துவிட்டோம் என்றே அன்றுமுதல் எண்ணிவந்தோம். ஆயினும், அலுவலகத்தில் இளையோர் அமர்ந்திருந்தால் ஒரு கண் அவர்கள்மேல் இருக்கும். இழுப்பறைச் சாவி நம் இடுப்பில் இருக்கும். அதைக் கவனம் என்று பெயரிட்டு வைத்திருந்தோம். புனித அகுஸ்தீனார் தம் 'அறிக்கைகள்' என்னும் நூலின் பத்தாம் பகுதியில் நினைவைப் பற்றித்தான் நெடிதாக ஆராய்கிறார். இறைவனைத் தேடிப் போகிறவர் அந்த வழியாகவும் நடக்க வேண்டியிருக்கிறது. நாம் அந்த மூலைக்கு இருபது ஆண்டுகளாகப் போகவேயில்லை. எங்கோ ஒருவன் செய்த பிழை அங்கே தங்கியிருந்து, ஒன்றும் செய்யாத ஒருத்தியின் பெயரில் வெளிவந்தது.

மறுநாள் மாலை அவளுடைய வீட்டுக்குச் சென்றோம். தாய் பதறிப்போய் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அச்சுத் தாளைக் காட்டி, நடந்ததைக் கூறி, "நாங்கள்தான் தவறு செய்தோம் அம்மா, எங்களை மன்னித்துவிடு" என்றோம். "பரவாயில்லை சாமி" என்றாள். சற்று நேரம் கழித்துத் தரையைப் பார்த்தபடி, "தப்புன்னு சொன்னதுகூட இல்ல சாமி. அவங்க ரெண்டு பேர் முன்னாடி சொன்னதுதான்" என்றாள்.

அது நியாயம். பறித்த பணத்தைத் திருப்பித் தர வேண்டியது போலவே, பறித்த நற்பெயரையும் திருப்பித் தர வேண்டும் என்பது திருச்சபையின் படிப்பினை. தனிமையில் கேட்கும் மன்னிப்பு அந்தக் கடனைத் தீர்த்துவிடாது. அடுத்த பேரவைக் கூட்டத்தில் அந்த இருவரும் இருக்கையில், பழைய ரேமையும் அச்சுத் தாளையும் மேசையில் வைத்து முழுக் கதையையும் கூறினோம். சில நிமிடங்கள் எவரும் பேசவில்லை. பிறகு அந்த இருவருள் ஒருவர், "சாமி, அன்றைக்கு நாங்களும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்" என்றார்.

அவள் திரும்பி வந்தாள். இளைஞர் இருவர் உதவியோடு, பழுதுக் காலத்தில் திறந்து சேமித்த எல்லாக் கோப்புகளையும் அச்சுத் தாள்களோடு வாய்விட்டுப் படித்து ஒப்பிட்டாள். மேலும் ஐந்து இடங்களில் எழுத்தோ எண்ணோ மாறியிருந்தது. கெட்டுப்போன 200 பெயர்களும் மறுபடி ஏறின. பாட்டிக்குத் திருத்திய சான்றிதழை நாமே கொண்டுபோய்க் கொடுத்தோம். "எட்டு வயசு குறைச்சது நல்லாத்தான் இருந்தது சாமி" என்று அவர் பொக்கைவாய் திறந்து சிரித்தார்.

பழைய ரேம் இன்றும் நம் மேசை இழுப்பறையில் கிடக்கிறது. பார்வைக்கு எந்தக் குறையும் தெரியாது; பொன்விளிம்பு பளபளவென்று இருக்கிறது. இழுப்பறைக்கு இப்போது பூட்டு இல்லை. எவர்மீதேனும் சட்டெனக் கோபம் மூளும்போது, கையை உள்ளே விட்டு அதைத் தொட்டுப் பார்க்கிறோம். அதன்பின் எதிரில் நிற்பவரிடம், என்ன நடந்தது என்று கேட்கிறோம்.